முதல் பாடத்துக்கு ஆறாம் ஆண்டு

அயல்நாட்டுக்குப் போய் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பது என்று முடிவெடுத்தபோது நம் டீச்சர் டீச்சராக இருக்கவில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தாள். செத்துப்போனவர் உண்மையிலேயே செத்துத்தான் போனாரா என்று கடிதம் போட்டுக் கேட்பது அவள் வேலை. வருஷக்கணக்கில் அதைச் செய்த பிறகு, உயிரோடு இருக்கிற யாருக்காவது உபயோகமாக ஒரு காரியம் செய்துவிட வேண்டும் என்று தோன்றியதில் தப்பொன்றும் இல்லை. சேர்த்து வைத்திருந்த லீவை எல்லாம் மொத்தமாகப் போட்டாள்.

"அவ்வளவு தூரம் எதுக்குப் போகணும்? எனக்குச் சொல்லிக் கொடேன். நானும்தான் தப்புத் தப்பா இங்கிலீஷ் பேசறேன்" என்றார் கணவர். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவளை அழைத்த மொழி மையம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. வருகிற தன்னார்வலர் முதலில் அந்த நாட்டு மொழியைக் கற்றுக்கொண்டு வரவேண்டும். ஆறு மாதம் மாலை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டாள். இந்தக் கதையில் அங்கே எல்லாரும் பேசுவது அந்த மொழிதான்; நம் வசதிக்கு நம் பேச்சிலேயே கேட்டுக்கொள்வோம். ஆறே மாதத்தில் அவளுக்கு அவர்கள் மொழி வந்துவிட்டது. ஆறு வருஷமாகப் படித்தும் அவர்களுக்கு ஏன் ஆங்கிலம் வரவில்லை என்பது அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

மையம் ஒரு இரண்டு மாடிக் கட்டடம். வாசலில் தொடங்கி, மாடிப்படி ஏறி, கழிவறைக் கதவு வரைக்கும் சுவரெங்கும் பழைய தன்னார்வலர்களின் படங்கள். எல்லாரும் கரும்பலகை முன்னால் நின்று சிரித்தார்கள். எல்லாக் கரும்பலகையிலும் எழுதியிருந்தது ஒன்றேதான்: குட் மார்னிங்.

இயக்குநர் பூங்கொத்தோடு வரவேற்றார். எதிரே நிற்பது ஒரே ஒரு ஆள் என்றாலும் மைக்கில் பேசுவது போலத்தான் அவருக்குப் பேச வரும்.

"நீங்க இங்க குடுக்க வந்திருக்கீங்க. வாங்கிக்க நாங்க தயாரா இருக்கோம். நீங்க எவ்வளவு குடுத்தாலும் நாங்க அப்படியே வாங்கி வச்சுக்குவோம்" என்றார்.

வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று கேட்க அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

முதல் வகுப்பில் பதினைந்து பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் வளர்ந்தவர்கள். ஒரு தச்சர், ஒரு பஸ் கண்டக்டர், ஒரு தையல்காரி, கடை வைத்திருப்பவர்கள், வேலை தேடுபவர்கள். டீச்சர் முகமெல்லாம் மலர "குட் மார்னிங்" என்றாள். ஒருத்தர் விடாமல் பேந்தப் பேந்த விழித்தார்கள். கண்டக்டருக்கு மட்டும் வாய் "கு" என்று குவிந்தது. பக்கத்தில் இருந்த தச்சர் முழங்கையால் ஒரு இடி இடித்தார். வாய் பழையபடி ஆகிவிட்டது.

வகுப்பு முடிந்ததும் முன்னேற்ற அதிகாரி வந்தார். அப்படி ஒரு பதவி அங்கே உண்டு. அவர் கையில் எப்போதும் ஒரு வரைபடம் சுருட்டியபடி இருக்கும்.

"எப்படி? ஒரு வார்த்தை தெரியலை பார்த்தீங்களா?" என்று பெருமையாகக் கேட்டார். "நம்ம முறையே அதுதாங்க. தன்னார்வலருங்க ரெண்டு வாரம்தான் இருப்பாங்க. முதல் நாள் மாணவருக்கு ஒண்ணும் தெரியக் கூடாது. கடைசி நாள் மூணு வாக்கியம் தெரியணும். என் பேரு இன்னது, நான் மகிழ்ச்சியா இருக்கேன், நன்றி டீச்சர். கோடு கீழேருந்து மேல போகணும் இல்லையா?"

"அடுத்த டீச்சர் வரும்போது?"

"நடுவுல ஒரு நாள் விட்டிருக்கோம். மறதி நாள். உக்கார வச்சு எல்லாத்தையும் மறக்கப் பயிற்சி குடுப்பேன். போன வருஷம் ஒருத்தர் முதல் நாளே குட் மார்னிங் சொல்லிட்டாரு. வந்த தன்னார்வலர் அழுதுட்டாங்க, பாவம். அப்புறம் நான் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தேன்னு கேட்டாங்க. என்ன பதில் சொல்றது? அந்த ஆளை அன்னிக்கே நீக்கிட்டோம்."

இது வேடிக்கைப் பேச்சாக இருக்கும் என்று டீச்சர் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நாட்கள் ஒரே மாதிரி போயின. காலையில் வட்டமாக உட்கார்ந்து தன்னார்வலர் தன் மன உணர்வுகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். மாணவர்கள் நெகிழ வேண்டும். அடுத்து புகைப்படம். எல்லாரும் கை தூக்குவது போல ஒன்று, டீச்சர் குனிந்து ஒருவர் தோளில் கை வைப்பது போல ஒன்று. தச்சர் தோள் அகலமானது என்பதால் தினமும் அவர் தோளைத்தான் பிடிக்கச் சொன்னார்கள். பிறகு தேநீர். தேநீருக்குப் பிறகு நன்றி சொல்லும் நேரம். எல்லாம் போக மிஞ்சியதில் பாடம். அவள் சாக்குக்கட்டியைக் கையில் எடுக்கும்போது மணி அடித்துவிடும்.

"இன்னிக்கு என்ன நடத்தினே?" என்று கணவர் போனில் கேட்பார்.

"குட் மார்னிங்."

"நேத்து?"

"குட் மார்னிங்."

"நல்லவேளை, சாயங்கால வகுப்பு இல்லை" என்பார் அவர்.

தச்சர் தேநீருக்காக வந்தார். கண்டக்டர், வீட்டில் இருந்தால் ஏதாவது வேலை வைக்கிறார்கள் என்று வந்தார். ஆங்கிலத்துக்காக வந்த ஒரே ஜீவன் தையல்காரி. அவள்தான் ஒரு நாள் தேநீர் நேரத்தில் டீச்சரின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், கைமடிப்புல தையல் விட்டிருக்கு. இப்படிக் காட்டுங்க, ரெண்டு நிமிஷத்துல போட்டுத் தரேன்."

ஊசியை ஏற்றி இறக்கிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள். "ரெண்டாவது பாடம்னு ஒண்ணு இருக்காமே? நெசமா?"

அவள் கணவன் வேறொரு நாட்டில் துணி வெளுக்கும் நிலையத்தில் வேலை பார்த்தான். போய் ஆறு வருஷம் ஆகிறது. திரும்பி வந்தால் வேலை போய்விடும். அவள் அங்கே போக வேண்டுமென்றால் தலைநகரத்தில் உள்ள தூதரகத்தில் ஆங்கிலத்தில் ஒரு நேர்காணல் உண்டு. ஒரு முறை போய் வந்துவிட்டாள். உன் கணவரை எப்படிச் சந்தித்தாய் என்று அங்கிருந்த அதிகாரி கேட்டிருக்கிறார். அவளுக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறாள்: நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன், நன்றி டீச்சர். கல்யாணமே நடந்ததா என்று சந்தேகமாக இருப்பதாக எழுதிவிட்டார்கள்.

"இன்னும் ஒரு தடவைதான் கூப்பிடுவாங்களாம். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

செத்தவர் செத்தாரா என்று சந்தேகப்பட்டே பழகிய டீச்சருக்கு, கட்டினவள் கட்டினாளா என்று சந்தேகப்பட்ட அந்த அதிகாரியை நன்றாகவே புரிந்தது. அதனாலேயே நேரே இயக்குநர் அறைக்குப் போனாள்.

"ரெண்டாவது பாடமா? தாராளமா இருக்கு" என்று அவர் அலமாரியைத் திறந்து காட்டினார். புத்தகங்கள் கட்டுக் கட்டாக, கட்டுப் பிரிக்காமல் இருந்தன. "அருமையான அச்சு. நடத்தத்தான் இன்னும் யாருக்கும் அனுமதி தரலை. ஏன்னு கேளுங்க."

"ஏன்?"

"முதல் பாடத்துல இருக்கற சந்தோஷம் ரெண்டாவதுல வராதும்மா. ஒருத்தன் வாழ்க்கையில முதல் தடவையா குட் மார்னிங் சொல்றப்ப அவன் கண்ணுல ஒரு ஒளி வரும் பாருங்க, அதுக்காகத்தான் உலகம் பூராவுலருந்தும் இங்க வராங்க. வினைச்சொல் சொல்லிக் குடுத்தா அந்த ஒளி வருமா? இன்னொண்ணு. ஒரு தடவை ஒரு பையன் எப்படியோ நிஜமாவே கத்துக்கிட்டான். என்ன ஆச்சு? வேலை கிடைச்சுப் போயிட்டான். படத்துல அவன் நாற்காலி காலியாத் தெரிஞ்சுது. எங்களால அதைத் தாங்கவே முடியலை. இங்க இங்கிலீஷ் கத்துக்க இடம் இருக்கான்னு யார் வேணா கேட்கலாம். இங்கிலீஷ் கத்துக் குடுக்க ஆசைப்படறவங்களுக்கு இந்த உலகத்துல வேற எங்க இடம் இருக்கு, சொல்லுங்க?"

டீச்சர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

அன்று மாலையே தையல் கடைக்குப் போய்விட்டாள். கடை என்பது ஒரு மெஷின், ஒரு முக்காலி, கொடியில் தொங்கும் அரைகுறைச் சட்டைகள். மாணவர் இருப்பிடத்துக்குத் தன்னார்வலர் போகக் கூடாது என்பது மையத்தின் விதி. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

முதலில் ஒன்றும் ஏறவில்லை. கேள்வி கேட்டதும் தையல்காரி வகுப்பில் விழிப்பது போலவே விழித்தாள். ஆறு வருஷப் பயிற்சி லேசில் போகுமா? டீச்சர் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது அவள் பழக்கதோஷத்தில் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். கால் ஓட ஓட வாயும் ஓடத் தொடங்கியது. மிதியை நிறுத்தினால் வாக்கியமும் பாதியில் நின்றது. அதற்கென்ன, மிதித்துக்கொண்டே படிக்கட்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

"உங்கள் கணவர் என்ன வேலை செய்கிறார்?" என்று டீச்சர் ஆங்கிலத்தில் கேட்பாள்.

"அவர் ஒரு சலவை நிலையத்தில் வேலை செய்கிறார்" என்று ஆங்கிலத்திலேயே பதில் வரும்.

"அவரை எப்படிச் சந்தித்தீர்கள்?"

"அவர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். மூன்று முறை வந்தார். சட்டை ஒன்றுதான்."

"இன்றே புறப்படச் சொன்னால்?"

"இன்றே புறப்படுவேன்."

அந்தக் கடைசி பதிலைச் சொல்லும்போது மிதி வேகமாகிவிடும், நூல் அறுந்துபோகும். இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சில நாட்கள் டீச்சர் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள். போனில் கணவரிடம், "ரெண்டாவது பாடம் வந்தாச்சுங்க" என்றாள். அவரும் கிண்டல் செய்யாமல், "நடத்து, நடத்து" என்றார்.

கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க முன்னேற்ற அதிகாரி அதே கடைக்கு வந்ததுதான் வினை. வாசலில் நின்று முழுப் பாடத்தையும் கேட்டுவிட்டார்.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். திட்டுவார் என்று டீச்சர் பதில்களை யோசித்துக்கொண்டு போனாள். அவரோ எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நமக்கு ஒரு வெற்றிக் கதை கிடைச்சிருக்கு! கடைசி நாள் விழாவுல தையல்காரம்மாவை மேடை ஏத்தறோம். தலைமை விருந்தினர் மையத்துக்குப் புது வேன் குடுக்கறாரு. ரெண்டையும் சேர்த்து வச்சா எப்படி இருக்கும்!"

"சார், அன்னிக்கு மத்தியானம் அவங்களுக்குத் தலைநகரத்துல நேர்காணல். காலை பஸ்ஸைப் பிடிச்சாத்தான் போய்ச் சேர முடியும்."

"புது வேன் இருக்கும்போது பஸ் எதுக்கும்மா? பஸ் ஊர் ஊரா நின்னு போகும். வேன் நேராப் போகும். பத்து நிமிஷம் மேடையில நின்னா போதும், அப்படியே ஏத்தி அனுப்பிடறேன். நீங்களும் கூடப் போயிட்டு வாங்க."

விழா நாள் காலையில் தையல்காரி நல்ல உடுப்பு உடுத்தி, தோள்பையோடு வந்தாள். எதிர்ச் சாரியில் பஸ் நின்றுகொண்டிருந்தது. மையத்தின் முற்றத்தில் வேன் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது.

"டீச்சர், நீங்க சொல்லுங்க. பஸ்ஸுல போயிடவா?"

டீச்சர் பஸ்ஸைப் பார்த்தாள். கூட்டம் படியில் தொங்கியது. வேனைப் பார்த்தாள். டிரைவர்கூட உள்ளே தயாராக உட்கார்ந்திருந்தார்.

"பத்து நிமிஷம்தானே? வேன்லயே போயிடலாம்" என்றாள். பஸ் கிளம்பிப் போனது.

அதற்குப் பிறகுதான் வேனின் முன்பக்கத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சிவப்பு ரிப்பன் அவள் கண்ணில் பட்டது. தலைமை விருந்தினர் வந்து அதை வெட்ட வேண்டும். தலைமை விருந்தினர் இன்னும் வரவில்லை. அவர் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. வந்ததும் ரிப்பன் வெட்டுவார் என்று பார்த்தால், அது நிகழ்ச்சியில் கடைசி என்றார்கள். பேச்சுகள் தொடங்கின.

டீச்சர் பின்பக்கமாக நழுவி டிரைவரிடம் போனாள். "அண்ணே, ரிப்பனை அவுத்துட்டு எடுத்துடுங்களேன். திரும்பி வந்து கட்டிக்கலாம்."

"நான் உள்ள ஏறின பிறகு கட்டினாங்கம்மா. கதவையும் சேர்த்துக் கட்டிட்டாங்க. காலையிலருந்து நானே இறங்க முடியாம உக்காந்திருக்கேன்" என்றார் அவர். பாவம், பேச்சில் வருத்தம் இல்லை, பசிதான் இருந்தது.

இதற்குள் மேடையில் ஒரு பரபரப்பு. வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் இல்லை. எல்லாவற்றுக்கும் ஆள் போட்டவர்கள் அதை மறந்துவிட்டார்கள். தையல்காரியின் பையில் எப்போதும் கத்தரிக்கோல் இருக்கும் என்று யாரோ சொல்ல, இயக்குநர் ஓடி வந்து வாங்கிக்கொண்டார். அவர் வாங்குவதற்கு முன் ஒரு நிமிஷம் அது அவள் கையிலேயே இருந்தது. ரிப்பன் நாலு அடி தூரத்தில் இருந்தது. டீச்சர் அவளைப் பார்த்தாள், அவள் டீச்சரைப் பார்த்தாள். இருவரும் நல்ல வளர்ப்பு. கத்தரிக்கோல் தட்டில் பூவோடு சேர்ந்து மேடைக்குப் போனது.

தையல்காரியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். "முதல்ல, மையத்துக்கு வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்தாங்கன்னு காட்டுவாங்க" என்றார் இயக்குநர். அவள் பேந்தப் பேந்த விழித்தாள். கூட்டம் கைதட்டியது. "இப்ப, வந்த பிறகு!" அவள் மூன்று வாக்கியத்தையும் சொன்னாள். இடி இடித்தது போல் கைதட்டல். அவள் இறங்காமல் நின்றாள்.

"ஐயா, எனக்கு இன்னும் தெரியும்" என்றாள் மெதுவாக.

"போதும்மா, இதுக்கு மேல சொன்னா நம்ப மாட்டாங்க" என்று அவளை இறக்கிவிட்டார்.

அடுத்து தலைமை விருந்தினர் பேசினார். "நான் இந்த வேனைக் குடுக்கறதுக்குக் காரணம், தூரம்தான் மனுஷங்களைப் பிரிக்குதுங்கறது என் கொள்கை" என்று தொடங்கி, தன் இளமைக்காலத்துக்குப் போய்விட்டார். டீச்சர் இரண்டு முறை எழுந்து நின்றாள். இரண்டு முறையும் அவள் மரியாதைக்காக எழுந்திருக்கிறாள் என்று நினைத்துக் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. அவர் உற்சாகமாகி இன்னும் விரிவாகப் பேசினார். மூன்றாவது முறை அவள் எழவில்லை.

கடைசியில் ரிப்பன் வெட்டினார்கள். வெட்டியதும் தலைமை விருந்தினர் வேனில் ஏறி ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், மெதுவாக, கையசைத்துக்கொண்டு.

இவர்கள் தலைநகரம் போய்ச் சேர்ந்தபோது தூதரகத்தின் வாசல் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அங்கே புரிகிற இரண்டு மொழியிலும் கெஞ்சிப் பார்த்தாள்.

"இவங்க பேரைக் கூப்பிட்டாச்சு. ஆள் இல்லை" என்றார் காவலாளி.

"மறுபடி எப்ப கூப்பிடுவாங்க?"

"கூப்பிடும்போது கூப்பிடுவாங்க. கூப்பிடாமலும் இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவர் சின்னக் கதவையும் சாத்தினார்.

திரும்பும் வழியெல்லாம் டீச்சர் அழுதாள். பஸ்ஸில் போ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனேனே என்று வாய்விட்டே சொன்னாள். தையல்காரி அழவில்லை. "உங்க மேல என்ன தப்பு டீச்சர், நானும்தான் வேனைப் பார்த்தேன்" என்றாள். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் அவளுக்குக் கத்தரிக்கோல் ஞாபகம் வந்தது. மறுநாள் விசாரித்ததில், தலைமை விருந்தினர் அதை விழாவின் நினைவாகத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று தெரிந்தது.

அந்த மறுநாள்தான் மறதி நாள். முன்னேற்ற அதிகாரி ஒவ்வொருவர் முன்னாலும் நின்று "குட் மார்னிங்" என்றார். எல்லாரும் விழித்தார்கள். தையல்காரியைத்தான் அதிகம் பாராட்டினார். மேடை ஏறியவளாக இருந்தும் துளி மிச்சமில்லாமல் மறந்துவிட்டாள் என்றார்.

அதற்கடுத்த நாள் புதுத் தன்னார்வலர் வந்து சேர்ந்தார். பல் டாக்டர், நல்ல மனிதர். பூங்கொத்து, வரவேற்பு எல்லாம் ஆயிற்று. பழைய தன்னார்வலர் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்து வகுப்பை ஒப்படைக்க வேண்டும் என்பது மையத்தின் வழக்கம். டீச்சர் பெட்டி படுக்கையோடு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் கூச்சத்தோடு முன் வரிசைக்கு வந்து தையல்காரியிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"உங்கள் பெயர் என்ன?"

தையல்காரி விழித்தாள். முன்னேற்ற அதிகாரி திருப்தியாகத் தலையாட்டினார். அப்போது டீச்சர் பார்த்தாள்: பெஞ்சுக்கு அடியில் அவள் பாதங்கள் அசையத் தொடங்கியிருந்தன. முன்னும் பின்னும், முன்னும் பின்னும்.

"என் கணவர் ஒரு சலவை நிலையத்தில் வேலை செய்கிறார்" என்றாள் தையல்காரி, ஆங்கிலத்தில். "அவர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். மூன்று முறை வந்தார். சட்டை ஒன்றுதான். நான் அவரைப் பார்த்து ஆறு வருடம் ஆகிறது. அவருக்குச் சாப்பிடும்போது பேசப் பிடிக்கும். இப்போது அவர் தனியாகச் சாப்பிடுகிறார்."

தச்சரின் முழங்கை பாதி வழியில் நின்றுவிட்டது. டாக்டரின் கண்ணில் நீர் தளும்பியது.

"நான்... நான் ஒரு கேள்விதான் கேட்டேன்" என்றார்.

"ஒரே கேள்வி!" என்று இயக்குநர் வாசலிலிருந்தே கூவினார். "வந்த முதல் நாள், ஒரே கேள்வியில இவ்வளவு இங்கிலீஷ் கத்துக் குடுத்த தன்னார்வலரை நான் பார்த்ததே இல்லை!" முன்னேற்ற அதிகாரி வரைபடத்தைச் சுவரில் விரித்து ஒரு கோடு போட்டார். அது காகிதத்தைத் தாண்டிச் சுவரிலும் ஏறியது. புகைப்படக்காரர் ஓடி வந்து டாக்டரைக் கரும்பலகை முன்னால் நிறுத்தினார். எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

முன் வரிசையில் தையல்காரி மட்டும் உட்கார்ந்திருந்தாள். கால் நிற்கவில்லை. இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதைக் கேட்க அந்த அறையில் ஒருவருக்குத்தான் தெரியும்.

டீச்சர் எழுந்தாள். விதி, வழக்கம் எல்லாம் போகட்டும் என்று வாய்விட்டே கேட்டாள்.

"இன்றே புறப்படச் சொன்னால்?"

தையல்காரி திரும்பிப் பார்த்தாள்.

"இன்றே புறப்படுவேன்" என்றாள். பிழையே இல்லை.

வாசலில் ஹார்ன் அடித்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், வேன் ரெடி. ஏறுங்க, விமானத்துக்கு நேரமாச்சு."

ரிப்பன் எதுவும் கட்டியிருக்கவில்லை. வேன் அன்றைக்கு ஒரு நிமிஷம்கூடத் தாமதமாகவில்லை.